அரசாங்கத்தை நம்பி ஒரு கவுண்டி

ஜனவரி கடைசியில் தொடங்கி ஏப்ரல் 15 வரை, எங்கள் ஊரின் பொருளாதாரம் உறை உறையாக என் மேசைக்கு வந்துவிடும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஹெர்ண்டன் என்ற சிறு நகரத்தில் வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் தமிழர்கள் நிறைய. ஓய்வுபெற்ற ராணுவத்தினர், பள்ளி ஆசிரியர்கள், கடைக்காரர்களும் உண்டு. ஆண்டு முடிந்ததும் முதலாளி தரும் சம்பளச் சான்றை இங்கே டபிள்யூ-2 என்பார்கள். அதில் முதலாளியின் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் நேஷனல் ஃபைனான்ஸ் சென்டர், நியூ ஆர்லியன்ஸ் என்று அச்சாகியிருந்தால், வந்திருப்பவர் மத்திய அரசு ஊழியர் என்று உடனே தெரிந்துவிடும். பல துறைகளுக்கு அங்கிருந்துதான் சம்பளப் பட்டுவாடா.

2025-ஆம் ஆண்டுக்கான உறைகள் வேறு மாதிரி இருக்கின்றன. கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்றிருந்த டபிள்யூ-2, இந்த முறை ஒரே ஆளுக்கு இரண்டு மூன்றாக வருகிறது. கூடவே 1099-ஜி. வேலை போனவர்கள் மாநில அரசிடம் உதவித்தொகை வாங்கியதற்கான சான்று அது. எப்போதாவது கண்ணில் பட்ட அந்தத் தாள் இந்தப் பருவத்தில் அடிக்கடி வருகிறது. வர்ஜீனியாவில் 2025-இல் அந்தத் தொகையின் உச்சவரம்பு வாரத்துக்கு 378 டாலர். அதே ஆண்டில் ஜி.எஸ்.-13 என்ற நிலையில் நுழையும் மத்திய அரசு ஊழியருக்கு வாஷிங்டன் வட்டாரச் சம்பளம் ஆண்டுக்குச் சுமார் 1,20,000 டாலர். வாரக் கணக்கில் 2,300 டாலர். இரண்டு தொகைகளையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதும்போது அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதை அவர்கள் வாய்திறந்து சொல்ல வேண்டியதில்லை.

ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி வாஷிங்டனுக்கு மேற்கே, போட்டோமாக் ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. மாநிலத்துக்கும் நகராட்சிக்கும் நடுவில் இருக்கும் நிர்வாகப் பிரிவுதான் கவுண்டி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 11,50,309 பேர். வர்ஜீனியாவிலேயே மிகப் பெரியது. ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்தவர். நாட்டிலேயே வருமானம் மிகுந்த கவுண்டிகளின் வரிசையில் பல காலமாக இதன் பெயர் இருக்கிறது. இவ்வளவு பணம் எங்கிருந்து வருகிறது என்று இங்கே யாரைக் கேட்டாலும் 'கவர்ன்மென்ட்' என்பார்கள். பாதி சரி. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ளாமல் இந்தக் கவுண்டியின் எதிர்காலத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அது தவறாகவே போகும் என்று நான் நினைக்கிறேன்.

நூறு வருடங்களுக்கு முன் இது பால்பண்ணைகளின் ஊர். பால் உற்பத்தியில் வர்ஜீனியாவில் முன்னால் நின்ற கவுண்டி. 1943-இல் பக்கத்து ஆர்லிங்டனில் பென்டகன் கட்டி முடிந்தது. 1950-இல்கூட ஃபேர்ஃபாக்ஸின் மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தொடவில்லை. பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1961-இல் சி.ஐ.ஏ. தலைமையகம் லாங்லிக்கு வந்தது. 1962-இல் டல்லஸ் விமான நிலையத்தை ஜனாதிபதி கென்னடி திறந்துவைத்தார். 1964-இல் வாஷிங்டனைச் சுற்றிவரும் பெல்ட்வே நெடுஞ்சாலை முழுமையடைந்தது. 1970-இல் மக்கள்தொகை நாலரை லட்சம். மேய்ச்சல் நிலங்கள் வீட்டு மனைகளாயின. 7-ஆம் எண் சாலையும் 123-ஆம் எண் சாலையும் சந்திக்கும் டைசன்ஸ் கார்னரில் 1968-இல் பெரிய வணிக வளாகம் திறந்தது. ஒரு நாற்சந்தி, கண்ணாடிக் கோபுரங்கள் நிறைந்த அலுவலக நகரமாக வளர்ந்தது அதற்குப் பிறகுதான்.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. அடுத்த திருப்பம் பலருக்குத் தெரியாது. 1980-களில் ரேகன் காலத்தில் ராணுவச் செலவு ஏறியது. 1990-களில் கிளின்டன் நிர்வாகம் அரசு ஊழியர் எண்ணிக்கையைக் குறைத்தது. ஆட்கள் குறைந்தார்களே தவிர வேலை குறையவில்லை. அதைச் செய்துதர வெளியிலிருந்து கம்பெனிகளை அமர்த்தினார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு உளவு, கணினிப் பாதுகாப்பு, தரவு ஆய்வு என்று ஒப்பந்தங்கள் பெருகின. ஒப்பந்தக் கம்பெனிகள் அரசு அலுவலகங்களின் வாசலிலேயே குடியேறின. ஜெனரல் டைனமிக்ஸ், லைடோஸ், எஸ்.ஏ.ஐ.சி., சி.ஏ.சி.ஐ. ஆகியவற்றின் தலைமையகங்கள் ரெஸ்டனில் இருக்கின்றன. நார்த்ராப் கிரம்மன் 2011-இல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்தே இங்கு இடம்பெயர்ந்தது. விண்ணிலிருந்து வேவு பார்க்கும் செயற்கைக்கோள்களை நடத்தும் அமைப்பு ஷான்டிலியில் இருக்கிறது. வரைபட உளவு அமைப்பு ஸ்பிரிங்ஃபீல்டில். இவற்றுக்குள் தினமும் நுழைகிறவர்களில் எத்தனையோ பேரின் டபிள்யூ-2-வில் அரசின் பெயர் இருக்காது; ஏதாவதொரு கம்பெனியின் பெயர்தான் இருக்கும்.

இந்த ஒப்பந்த உலகம் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். வேலை வளர்ச்சி பற்றி இங்கே பேசப்படும் ஒவ்வொரு எண்ணும் இதற்குள்தான் ஒளிந்திருக்கிறது.

அரசுத் துறை ஒரு பெரிய கம்பெனிக்கு ஒப்பந்தம் கொடுக்கும். அது 'பிரைம்'. பிரைம் தன் வேலையில் ஒரு பகுதியைச் சிறு கம்பெனிகளுக்குப் பிரித்துத் தரும். அவை 'சப்'. சப்புக்குக் கீழே இன்னொரு சப்கூட இருக்கலாம். ஒப்பந்தம் பெரும்பாலும் ஓர் ஆண்டுக்குத்தான். அதன்மேல் நான்கு 'ஆப்ஷன்' ஆண்டுகள். ஒவ்வோர் ஆண்டும் துறை விரும்பினால் நீட்டிக்கும், விரும்பாவிட்டால் நிறுத்தும். காலம் முடிந்ததும் மறுபடி போட்டி. அதற்கு 'ரீகம்பீட்' என்று பெயர். பழைய கம்பெனி தோற்றாலும் அதில் வேலை பார்த்தவர்களில் பலரை ஜெயித்த கம்பெனி அப்படியே எடுத்துக்கொள்ளும். வேலை தெரிந்த ஆள் அவர்கள்தானே. என் வாடிக்கையாளர் ஒருவருக்குப் பத்து ஆண்டுகளில் நான்கு கம்பெனிகள் சம்பளம் கொடுத்திருக்கின்றன. உட்கார்ந்த கட்டடம் ஒன்றேதான். போன மாதம் உறையைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"கம்பெனி மாறினாலும் நாற்காலி மாறாதுன்னுதான் அக்கா இருந்தேன். இந்தத் தடவை நாற்காலியையே எடுத்துட்டாங்க."

காவிரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை. பிரைம் கம்பெனிக்கு வேறு துறைகளில் வேறு ஒப்பந்தங்கள் இருக்கும். ஒன்று போனால் இன்னொன்றில் ஆளை மாற்றலாம். முப்பது பேர் வேலை பார்க்கும் சப் கம்பெனிக்கு இருப்பதே ஒன்றோ இரண்டோதான். 'ஸ்டாப் வொர்க் ஆர்டர்' என்ற ஒரு கடிதம் வந்தால் அன்றைக்கே வருமானம் நின்றுவிடும்.

அந்தக் கடைமடையில்தான் இந்தியர்களின் சிறு கம்பெனிகள் நிறைய இருக்கின்றன. அதற்கு ஒரு காரணம் உண்டு. சமூக, பொருளாதார நிலையில் பின்தங்கியவர்களின் சிறுதொழில்களுக்காக மத்திய அரசு '8-ஏ' என்றொரு திட்டம் வைத்திருக்கிறது. அதில் சேர்ந்த கம்பெனி ஒன்பது ஆண்டுகள், பெரிய கம்பெனிகளின் போட்டி இல்லாமல் சில ஒப்பந்தங்களைப் பெறலாம். தெற்காசிய வம்சாவளியினருக்கும் அந்தத் தகுதி உண்டென்று விதியிலேயே இருந்தது. ஹெர்ண்டனிலும் ஷான்டிலியிலும் இரண்டு அறைகளில் தொடங்கி, நூறு பேருக்கு வேலை கொடுக்கும் அளவுக்கு வளர்ந்த கம்பெனிகள் பல இந்த வழியில் ஏறி வந்தவைதான். 2023 ஜூலையில் டென்னசி மாநிலத்திலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம், இனத்தை மட்டும் வைத்து ஒருவரைப் பின்தங்கியவர் என்று கொள்ளக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அதன்பின் ஒவ்வொருவரும் தாம் பட்ட தடைகளைத் தனித்தனியே எழுதிக் காட்ட வேண்டியதாயிற்று. 2025-இல் புதிய நிர்வாகம், இத்தகைய தொழில்களுக்கான ஒப்பந்தப் பங்கின் இலக்கை 15 சதவீதத்திலிருந்து சட்டத்தில் உள்ள குறைந்தபட்சமான 5 சதவீதத்துக்கு இறக்கியது. 8-ஏ கம்பெனிகளைத் தணிக்கை செய்யவும் உத்தரவிட்டது. வேலை இழப்புச் செய்திகளில் இந்தச் சிறு கம்பெனிகள் அதிகம் வருவதில்லை. ஐந்து பேர், எட்டு பேர் என்று கழியும் வேலைகளை யார் எழுதப்போகிறார்கள்?

இன்னொரு சொல்லும் தெரிந்திருக்க வேண்டும்: 'கிளியரன்ஸ்'. ரகசியத் தகவல்களைப் பார்க்க அரசு தரும் அனுமதி. அமெரிக்கக் குடியுரிமை இருந்தால்தான் கிடைக்கும். பின்னணி விசாரணைக்கே மாதக் கணக்கில் ஆகும். கிடைத்தவர்களுக்குச் சம்பளம் அதிகம், வேலையும் எளிதில் கிடைக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அந்த வகை வேலைக்கு வெளியே இருந்துவிட்டால் அந்த அனுமதி செல்லாது. மறுபடி விசாரணைக்கு நிற்க வேண்டும். 2025 வசந்தத்தில் வேலை இழந்து இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு 2027 வசந்தம் ஒரு கெடு. இந்தக் கவுண்டியின் எதிர்காலத்தில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். சம்பளம் போனால் திரும்ப வரலாம். பல ஆண்டுகள் உழைத்து ஒரு மனிதர் சேர்த்த அந்தத் தகுதி கரைந்துபோனால் அவரோடு சேர்ந்து ஊரும் அதை இழக்கிறது.

இதற்கு முன்னும் இங்கே ஒரு சறுக்கல் நடந்திருக்கிறது. 2011-இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த செலவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி 2013 மார்ச் 1-ஆம் தேதி முதல் ஏறக்குறைய எல்லாத் துறைகளிலும் வெட்டு விழுந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அரசு 16 நாட்கள் முடங்கியது. வடக்கு வர்ஜீனியா வேலைகளை இழந்தது. பிறகு வேலை எண்ணிக்கை திரும்பி வந்துவிட்டது என்று அறிக்கைகள் கூறின. ஆனால் போன வேலைகளும் வந்த வேலைகளும் ஒரே தரத்தில் இல்லை. போனவை கணினி, பொறியியல், ஆலோசனை. வந்தவற்றில் உணவகம், கடை, வீட்டு மருத்துவ உதவி அதிகம். ஒரு வீட்டில் 1,10,000 டாலர் வேலை போய், 40,000 டாலர் வேலை இரண்டு வந்தால் புள்ளிவிவரத்தில் அது ஒரு வேலை வளர்ச்சி. என் மேசையில் அது 30,000 டாலர் நஷ்டம். வேலை வளர்ச்சி என்ற சொல்லை அன்றிலிருந்து நான் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை.

2025-இல் நடந்தது அதைவிடப் பெரியது. ஜனவரி 20-ஆம் தேதி புதிய நிர்வாகம் பதவியேற்ற அன்றே, வீட்டிலிருந்து வேலை பார்த்த அரசு ஊழியர்கள் அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும் என்று உத்தரவு. எட்டு நாள் கழித்து மத்திய அரசு ஊழியர்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல்: இப்போதே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் செப்டம்பர் 30 வரை சம்பளம் உண்டு. 'ஃபோர்க் இன் தி ரோட்' என்ற அதன் தலைப்பை வைத்து, ஒப்புக்கொண்டவர்களை எங்கள் ஊரில் 'ஃபோர்க் எடுத்தவர்கள்' என்றே சொல்கிறோம். நாடு முழுவதும் சுமார் ஒன்றரை லட்சம் பேர் அதை எடுத்தார்கள். பிப்ரவரியில் தகுதிகாண் பருவத்தில் இருந்தவர்களை நீக்கினார்கள். வெளிநாட்டு உதவி நிறுவனமான யு.எஸ்.எய்ட் ஜூலை 1 அன்று இல்லாமலே போனது. ஆலோசனைக் கம்பெனிகளின் ஒப்பந்தங்களையெல்லாம் மறுபரிசீலனை செய்யச் சொன்னார்கள். மே மாதம் பூஸ் ஆலன் ஹாமில்டன் சுமார் 2,500 பேரை, அதாவது தன் ஊழியர்களில் 7 சதவீதத்தினரை நீக்குவதாக அறிவித்தது.

ஃபேர்ஃபாக்ஸில் மட்டும் சுமார் 80,000 மத்திய அரசு ஊழியர்கள் வசிக்கிறார்கள் என்று கவுண்டித் தலைவர் ஜெஃப்ரி மெக்கே திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறார். ஒப்பந்தக் கம்பெனி ஆட்கள் அந்தக் கணக்கில் இல்லை.

ஆனாலும் அந்தக் கோடையில் வேலையின்மை விகிதம் பெரிதாக ஏறவில்லை. 'ஒன்றும் ஆகவில்லையே' என்று தொலைக்காட்சியில் சிலர் பேசினார்கள். ஃபோர்க் எடுத்தவர்கள் செப்டம்பர் 30 வரை சம்பளப் பட்டியலில் இருந்ததால் கணக்குப்படி அவர்கள் வேலையில் இருந்தார்கள். வீட்டில் உட்கார்ந்து விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருந்தவர்களை அரசுப் புள்ளிவிவரம் ஊழியர்கள் என்று எண்ணியது. அக்டோபர் வந்ததும் அந்த ஒரே மாதத்தில் மத்திய அரசு வேலைகள் நாடு முழுக்க 1,60,000-க்கும் மேல் குறைந்ததாகப் பதிவானது. அந்த எண் மக்கள் கைக்கு வருவதற்கும் தாமதமானது. அதை வெளியிட வேண்டிய அலுவலகமும் அப்போது மூடியிருந்தது.

அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாட்கள் அரசு முடங்கியது. அதுவரையிலான அமெரிக்க வரலாற்றிலேயே நீண்ட முடக்கம். 2018 டிசம்பரில் தொடங்கிய 35 நாள் முடக்கத்தின்போது வந்த சட்டப்படி, மத்திய அரசு ஊழியர்களுக்கு விட்டுப்போன சம்பளம் பின்னால் வந்து சேரும். வந்தது. அதனால் அவர்களுடைய டபிள்யூ-2-வைப் பார்த்தால் 43 நாள் சம்பளமில்லாமல் வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்டிய தடயமே இருக்காது. கடன் அட்டை வட்டியில்தான் அது தெரியும். அதை வரிப் படிவம் கேட்பதில்லை. ஒப்பந்த ஊழியருக்கு அந்தச் சட்டம் இல்லை. அவருக்கு அந்த நாட்கள் போனது போனதுதான். சிலர் தங்கள் விடுமுறை நாட்களை அதில் கழித்தார்கள். கட்டடத்தைத் துப்புரவு செய்கிறவருக்கும், வாசலில் காவல் நிற்கிறவருக்கும், உணவுக்கூடத்தில் பரிமாறுகிறவருக்கும் கழிக்க விடுமுறையும் இருக்கவில்லை. பக்கத்துப் பக்கத்து மேசையில் ஒரே வேலையைச் செய்த இருவரில் ஒருவரின் தாள் நிறைவாகவும் மற்றவரின் தாள் குறைவாகவும் என்னிடம் வந்தபோது, இந்த ஏற்பாடு நியாயமில்லை என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

முடக்கத்தின் நடுவில், நவம்பர் 4 அன்று மாநிலத் தேர்தல். சி.ஐ.ஏ.வில் பணியாற்றிய ஏபிகெயில் ஸ்பான்பெர்கர் வர்ஜீனியாவின் முதல் பெண் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எங்கள் கவுண்டியில் அரசு வேலை என்பது வாக்குச்சாவடி வரைக்கும் கூட வரும் விஷயம்.

இதெல்லாம் கவுண்டியின் கஜானாவை எப்படித் தொடுகிறது? வர்ஜீனியாவில் கவுண்டிகள் தாமாக வருமான வரி போட முடியாது. மாநிலம் எதை அனுமதிக்கிறதோ அதை மட்டுமே வசூலிக்கலாம். அதனால் ஃபேர்ஃபாக்ஸின் வருவாயில் பாதிக்கு மேல் வீடு, கட்டட வரி. செலவில் பாதிக்கு மேல் பள்ளிகளுக்கு. சுமார் 1,80,000 மாணவர்கள் படிக்கும் பள்ளிக்கூட அமைப்பு இது. தமிழ்க் குடும்பங்கள் இந்தக் கவுண்டிக்கு வருவதும், ஆனை விலை கொடுத்து வீடு வாங்குவதும் இந்தப் பள்ளிகளுக்காகத்தான்.

அந்த வரியை வீடுகளும் அலுவலகக் கட்டடங்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 1990 வாக்கில் வணிகக் கட்டடங்களின் பங்கு கால்வாசிக்கு மேல் இருந்தது; இப்போது 20 சதவீதத்துக்கும் கீழே. கவுண்டியில் சுமார் 12 கோடி சதுர அடி அலுவலக இடம் இருக்கிறது. அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு காலி. கோவிட் காலத்தில் தொடங்கிய காலி இடத்தை ஒப்பந்த வெட்டு இன்னும் நீட்டுகிறது. காலிக் கட்டடத்தின் மதிப்பு குறையும், அதன் வரி குறையும், அந்தப் பாரம் வீட்டுக்காரர் தலையில் இறங்கும். 2025 மே மாதம் நிறைவேறிய பட்ஜெட்டின்படி, மதிப்பில் 100 டாலருக்கு 1.1225 டாலர் வரி. 7,50,000 டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 8,400 டாலருக்கு மேல். பக்கத்து லவுடன் கவுண்டியில் அதே ஆண்டு விகிதம் 0.805 டாலர், அதே மதிப்புள்ள வீட்டுக்குச் சுமார் 6,000 டாலர்தான். லவுடனில் தரவு மையங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் கணினிகளுக்கு விதிக்கும் வரி அந்தக் கவுண்டியைத் தாங்குகிறது. லவுடனைப் பார்த்து நாமும் அப்படிச் செய்யலாமே என்று இங்கே பலர் கேட்கிறார்கள். வரி வரும் என்பது உண்மை. ஆனால் ஒரு பிரமாண்டமான தரவு மையத்துக்குள் வேலை பார்ப்பவர்கள் சில பத்துப் பேர்தான். வேலை இழந்த நிர்வாக ஆய்வாளருக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

பற்றாக்குறையைச் சமாளிக்கக் கவுண்டி வேறொரு வழி கண்டது. 2026 ஜனவரி 1 முதல் உணவகங்களில் 4 சதவீத வரி. ஏற்கெனவே உள்ள 6 சதவீத விற்பனை வரியோடு சேர்த்து, சாப்பாட்டு பில்லில் பத்தில் ஒரு பங்கு. 1992-இலும் 2016-இலும் மக்கள் வாக்கெடுப்பில் நிராகரித்த வரி இது. 2020-இல் மாநிலச் சட்டம் மாறியதால் வாக்கெடுப்பு தேவைப்படவில்லை. பள்ளிகளுக்குப் பணம் வேண்டும், வீட்டு வரியை ஏற்ற முடியாது என்ற நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் நேரம் மோசம். என்னிடம் கணக்கு வைத்திருக்கும் உணவக உரிமையாளர் ஒருவருக்கு அக்டோபர், நவம்பர் மாதங்கள் பாழாய்ப் போயின. அலுவலகத்துக்குத் திரும்பச் சொன்னதில் வியாபாரம் கூடியிருக்குமே என்று கேட்டேன். "அவங்க திரும்பிப் போனது வாஷிங்டனுக்கு மேடம். வீட்டிலிருந்து வேலை பார்த்தப்போ மதியம் இங்கதான் சாப்பிட்டாங்க. இப்போ அங்க சாப்பிடறாங்க" என்றார்.

இனி என்ன ஆகும்? ஊர் காலியாகிவிடாது. ராணுவம், உளவு, கணினிப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கான பணம் பெரிதாகக் குறையவில்லை. கிளியரன்ஸோடு அந்தத் திறமையும் உள்ளவர்களுக்கு இன்றைக்கும் அழைப்பு வருகிறது. டைசன்ஸில் கேப்பிடல் ஒன் வங்கியும், மெக்லீனில் ஹில்டனும், ஃப்ரெடி மேக்கும் இருக்கின்றன. இனோவா மருத்துவமனைகள் ஆள் தேடிக்கொண்டே இருக்கின்றன. ஓய்வுபெற்ற அரசு ஊழியர்களும் ராணுவத்தினரும் நிறைந்த ஊர் என்பதால் ஓய்வூதியம் மாதம் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. முடக்கக் காலத்திலும் அது நிற்கவில்லை. 2014-இலும் 2022-இலும் இரண்டு கட்டமாகத் திறந்த சில்வர் லைன் ரயில் டைசன்ஸையும் ரெஸ்டனையும் விமான நிலையத்தையும் இணைத்துவிட்டது. 2010-இல் போட்ட திட்டப்படி 2050-க்குள் டைசன்ஸில் ஒரு லட்சம் பேர் வசிக்க வேண்டும், இரண்டு லட்சம் வேலைகள் இருக்க வேண்டும். ஆட்கள் வசிக்கும் பாதி நடக்கும் என்று நம்புகிறேன். வேலைப் பாதியில் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

காரணம், வெட்டு அதிகம் விழுந்தது சிவில் துறைகளில். சுகாதாரம், கல்வி, வீட்டுவசதி, வெளிநாட்டு உதவி ஆகியவற்றில் திட்டம் தீட்டியவர், அறிக்கை எழுதியவர், மானியம் சரிபார்த்தவர் எனப் பலரும் ஐம்பது வயதை நெருங்குகிறவர்கள். அவர்களை ராணுவ ஒப்பந்தக் கம்பெனி எடுக்காது. மருத்துவமனைக்கு வேண்டியது நர்ஸ். மறுபக்கம், ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து வரும் பிள்ளைகள். முதல் வேலைக்கு அவர்கள் நுழைந்த வாசல் சிறு சப் கம்பெனிகள்தான். கிளியரன்ஸுக்கு ஆதரவுக் கையெழுத்துப் போட்டு ஏணியில் ஏற்றிவிட்டவை அவையே. அந்த ஏணியின் கீழ்ப்படிகள்தான் இப்போது உடைந்துகொண்டிருக்கின்றன. கவுண்டியின் மொத்த வேலை எண்ணிக்கை இரண்டு ஆண்டுகளில் பழைய நிலைக்கு வந்துவிடலாம். நடுத்தர வீட்டுப் பிள்ளை படிப்பு முடித்த இரண்டாம் வருடத்தில் தனியாக ஒரு அபார்ட்மென்ட் எடுத்துக்கொண்டு போகும் அந்த ஃபேர்ஃபாக்ஸ் திரும்பி வரும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இன்னொரு பெரிய அரசு அலுவலகம் வந்தால் சரியாகிவிடும் என்ற எதிர்பார்ப்பு இன்னும் சிலரிடம் இருக்கிறது. எஃப்.பி.ஐ. தலைமையகத்துக்காக ஸ்பிரிங்ஃபீல்ட் பல ஆண்டுகள் போட்டியிட்டது. 2023 நவம்பரில் அது மேரிலாந்தின் கிரீன்பெல்ட்டுக்கு என்று முடிவானது. 2025 ஜூலையில் கிரீன்பெல்ட்டுக்கும் இல்லை, வாஷிங்டனிலேயே வேறொரு கட்டடம் போதும் என்று அறிவித்தார்கள். இரண்டு கவுண்டிகளும் செலவழித்த ஆண்டுகள் அவ்வளவுதான். டைசன்ஸில் சூதாட்ட விடுதி கட்டலாம் என்று மாநிலச் சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்ட யோசனையையும் நான் எதிர்க்கிறேன். வேலை இழந்தவர்கள் நிறைந்த ஊரில் அந்த வாசலைத் திறப்பது சரியில்லை.

என்னிடம் வருகிறவர்களுக்கு இந்தப் பருவத்தில் நான் சொல்வது வேறு. பணிநீக்கத் தொகையில் மத்திய வரி பெரும்பாலும் 22 சதவீதம்தான் பிடிப்பார்கள்; கணவன் மனைவி இருவர் சம்பளமும் சேர்ந்த வீட்டில் அது போதாமல் ஏப்ரலில் பாக்கி வரும், அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். ஓய்வுக்காலச் சேமிப்பை 59½ வயதுக்கு முன் எடுத்தால் 10 சதவீத அபராதம். 55 வயதாகும் ஆண்டிலோ அதற்குப் பிறகோ வேலையை விட்டவர்களுக்கு அந்த வேலையின் சேமிப்புக் கணக்கில் விலக்கு உண்டு, கேட்டுவிட்டு எடுங்கள். கிளியரன்ஸ் இருந்தால் சம்பளம் குறைவானாலும் இரண்டு ஆண்டுக்குள் அந்த வகை வேலைக்குள் ஒரு கால் வையுங்கள். ஒப்பந்தக் கம்பெனியில் இருக்கிறவர்கள் ஆப்ஷன் ஆண்டு எப்போது முடிகிறது என்று மேலாளரிடம் கேட்கத் தயங்காதீர்கள். ஆறு மாதச் செலவுக்கான பணம் கையில் இல்லாமல் பெரிய வீட்டுக்குப் போகாதீர்கள்.

கவுண்டியிடம் சொல்லவும் எனக்குச் சில விஷயங்கள் இருக்கின்றன. ஜூலை 1-இல் தொடங்கும் அடுத்த நிதியாண்டுக்கான பட்ஜெட் மீது ஏப்ரலில் பொதுமக்கள் கருத்துக் கூட்டம் நடக்கும். கவுண்டியை நிர்வகிக்கும் மேற்பார்வையாளர் குழுவின் முன் யார் வேண்டுமானாலும் பேசலாம். என் வேலை கழுத்தை நெரிக்கும் மாதம் அது, இருந்தாலும் போவேன். வேலை எத்தனை கூடியது என்று மட்டும் அறிவிக்காமல், போன வேலையின் சம்பளம் எவ்வளவு, வந்த வேலையின் சம்பளம் எவ்வளவு என்று சேர்த்து வெளியிடச் சொல்வேன். காலியாகக் கிடக்கும் அலுவலகங்களில் சிறு கம்பெனிகளுக்குக் குறைந்த வாடகையில் இடம் கேட்பேன். முதல் வேலைக்கு வரும் பட்டதாரியைக் கிளியரன்ஸ் கிடைக்கும்வரை சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் சப் கம்பெனிக்கு, அந்தச் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கவுண்டி ஏற்க வேண்டும் என்று கேட்பேன். உணவக வரியில் வருவதில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்கினால்கூடத் தொடங்கிவிடலாம்.